பதவி விட்டிறங்கிய ஜனாதிபதியை நீதிமன்றம் எதுவரை தொட முடியும்?

கேட்டவருக்கு வணக்கம். இலங்கையில் ஜனாதிபதியாக இருந்த ஒருவரை, பதவி போன பின்னரும் விடுபாட்டுரிமை (வழக்கிலிருந்து பதவி தரும் காப்பு) காக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே மூன்று பெயர்களையும் சொல்லியிருக்கிறீர்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு வழக்கில் மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா கட்டியதோடு வீட்டில் இருக்கிறார், ஒரு பயணச் செலவுக்காக ரணில் விக்கிரமசிங்க விளக்கமறியலில் வைக்கப்பட்டார், கோட்டாபய ராஜபக்சவை மட்டும் எவரும் தொடவில்லை, இது எந்த நியாயத்தில் சேர்த்தி என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. விடுபாட்டுரிமை என்ற ஒரே சொல்லை வைத்து இம்மூன்றையும் விளங்கிக்கொள்ள முடியாது. இவை வெவ்வேறு நீதிமன்றங்களில், வெவ்வேறு சட்டங்களின் கீழ், வெவ்வேறு சான்றுத் தரத்தில் நடந்தவை. நான் நெடுங்காலமாக அடிப்படை உரிமை மனுக்களில் முன்னிலையாகி வரும் சட்டத்தரணி. குற்றவியல் வழக்கு என் அன்றாடத் தொழில் அல்ல. ஆகவே அந்தப் பகுதியில் சட்டம் சொல்வதை மட்டும் சொல்லி, மதிப்பீட்டைக் குறைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. 1978 அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை, ஒருவர் ஜனாதிபதிப் பதவியை வகிக்கும் காலத்தில் அவருக்கு எதிராக வழக்குத் தொடுக்கவோ ஏற்கனவே தொடுத்த வழக்கை நடத்தவோ கூடாது என்கிறது. அவர் பதவியின் பேரில் செய்ததற்கும் தனிப்பட்ட முறையில் செய்ததற்கும் இது பொருந்தும். ஆனால் "பதவி வகிக்கும் காலத்தில்" என்பதோடு அந்தக் காப்பு நின்றுவிடுகிறது. அதே உறுப்புரையின் இரண்டாம் பந்தி இதை இன்னும் உறுதியாக்குகிறது: வழக்குத் தொடரச் சட்டம் ஏதாவது காலவரையறை விதித்திருந்தால், அவர் பதவியில் இருந்த காலம் அந்தக் கணக்கில் சேராது. பதவி முடிந்த பின் வழக்கு வரும் என்று எதிர்பார்த்தவர்கள்தான் இப்படி ஒரு பந்தியை எழுதியிருக்க முடியும். ஆயுட்கால விடுபாட்டுரிமை என்ற எண்ணம் நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அரசியலமைப்பில் அதற்கு இடமே இல்லை.

பதவியில் இருக்கும்போதுகூட அந்தக் காப்பு ஆளுக்குரியதேயன்றிச் செயலுக்குரியது அல்ல என்பதை உயர் நீதிமன்றம் படிப்படியாகத்தான் வந்தடைந்தது. 1998இல் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க அவசரகால ஒழுங்குவிதி ஒன்றின் மூலம் ஐந்து மாகாண சபைகளின் தேர்தலைத் தள்ளிப்போட்டபோது, மனுதாரர்கள் ஜனாதிபதியை எதிர்த்தரப்பாக்காமல் தேர்தலை நடத்த வேண்டிய அதிகாரிகளை எதிர்த்தரப்பாக்கி வழக்குத் தொடர்ந்தார்கள். அந்த அதிகாரிகள் ஜனாதிபதியின் ஒழுங்குவிதியையே தங்கள் நியாயமாகக் காட்டினார்கள். அப்படியானால் அந்த ஒழுங்குவிதி சட்டத்துக்கு அமைந்ததா என்று பார்க்க வேண்டியதே நீதிமன்றத்தின் கடமை என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 1999இல் தீர்ப்பளித்தார். 2015இல் வந்த 19ஆவது திருத்தம் இந்த வழியை அரசியலமைப்பிலேயே எழுதி, ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயல்களை எதிர்த்துச் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்ய இடமளித்தது. 2018 நவம்பரில் சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது இரா. சம்பந்தன் முதலானோர் சென்றது இந்த வழியில்தான். ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக, டிசம்பர் 13ஆம் திகதி, அந்தக் கலைப்புச் செல்லாது என்றார்கள். 2020இல் 20ஆவது திருத்தச் சட்டமூலம் இந்த வழியை அடைக்க முயன்றது. அதற்கு மக்கள் தீர்ப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறிய பின், நிறைவேறிய திருத்தத்தில் வழி திறந்தே இருந்தது.

பதவி போன பின் ஒரு ஜனாதிபதியைப் பெயர் சொல்லி எதிர்த்தரப்பாக்கிய முன்மாதிரி வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கு. பத்தரமுல்லையில், பாராளுமன்றத்துக்கு அருகே, பொதுத் தேவைக்கென்று மக்களிடமிருந்து சுவீகரிக்கப்பட்ட காணி தனியார் கோல்ஃப் மைதானமாகிப் போனது. சந்திரிகா பதவியை விட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007இல் மனு தாக்கலானது. 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அவரைத் தன் சொந்தப் பணத்திலிருந்து 30 இலட்சம் ரூபா செலுத்தப் பணித்தது. அந்தத் தீர்ப்பை நீதியரசர் ஷிராணி திலகவர்தன எழுதினார். அரச அதிகாரம் மக்களின் நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பட்டது, அதை மக்களுக்காக அன்றிப் பயன்படுத்தியவர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பொது நம்பிக்கைக் கோட்பாடு ஒரு முன்னாள் அரச தலைவரின் பணப்பையைத் தொட்டது அங்கேதான். பின்னால் வந்த பெரிய வழக்குகளெல்லாம் அதன் மேல் எழுந்தவை.

இனி சிறிசேனவின் வழக்கு. 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டுப் புலனாய்வுத் தகவல் அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்திருந்தது. ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது பாதுகாப்பு அமைச்சரும் ஜனாதிபதியான சிறிசேனதான். உறவுகளை இழந்தவர்களும் பிறரும் தாக்கல் செய்த பன்னிரண்டு மனுக்களை ஒன்றாக விசாரித்த ஏழு நீதியரசர்கள் 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்தார்கள். சிறிசேனவுக்கு 10 கோடி, அப்போதைய பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவுக்கும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவர் நிலந்த ஜயவர்தனவுக்கும் தலா ஏழரைக் கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோவுக்கு 5 கோடி, தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்த சிசிர மெண்டிஸுக்கு ஒரு கோடி ரூபா என்று இழப்பீடு பிரித்து விதிக்கப்பட்டது. சிறிசேன அதைத் தவணைகளாகச் செலுத்தினார். தகவல் தனக்குச் சொல்லப்படவில்லை என்பது அவருடைய வாதம். நீதிமன்றமோ, தகவல் தன்னிடம் வந்து சேரும் வகையில் பாதுகாப்புக் கட்டமைப்பை இயங்க வைப்பதே பொறுப்பான அமைச்சரின் கடமை என்ற நோக்கில் அதைப் பார்த்தது. இத்தீர்ப்பின் சாரமாக நான் கொள்வது இதைத்தான்.

அப்படியானால் ஏன் சிறை இல்லை? அடிப்படை உரிமை வழக்கில் சிறைத்தண்டனை என்ற ஒன்றே கிடையாது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, உரிமை மீறப்பட்டதெனப் பிரகடனம் செய்யவும் நீதியும் ஒப்புரவும் வேண்டும் நிவாரணத்தை வழங்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தண்டிக்கும் அதிகாரம் அதில் இல்லை. சாட்சிக் கூண்டில் எவரும் ஏறுவதில்லை. இரு தரப்பும் சத்தியக் கடதாசிகளை முன்வைக்க, எது கூடுதலாக நிகழ்ந்திருக்கக்கூடியது என்ற அளவில் நீதிமன்றம் முடிவு செய்கிறது. குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அல்ல என்பதற்கு இதே சம்பவத்தில் சான்று உண்டு. பூஜித் ஜயசுந்தரவுக்கும் ஹேமசிறி பெர்னாண்டோவுக்கும் எதிராகத் தலா 855 குற்றச்சாட்டுகளுடன் நடந்த வழக்கில், மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மேல் நீதிமன்றம் 2022 பெப்ரவரியில், எதிர்த்தரப்பைச் சாட்சியமளிக்க அழைக்காமலேயே இருவரையும் விடுதலை செய்தது. சட்டமா அதிபர் அதை எதிர்த்து மேன்முறையீட்டுக்குப் போனார். விடுதலையாகி ஓராண்டுக்குள், அதே இருவரும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் இழப்பீடு விதித்தது. பலர் இதை முரண்பாடாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது இரண்டு வேறு கேள்விகளுக்குக் கிடைத்த இரண்டு வேறு விடைகள். சிறிசேனவைப் பொறுத்தவரை, தனிப்பட்ட முறைப்பாடு ஒன்றின் பேரில் கொழும்பு கோட்டை நீதவான் 2022 செப்டெம்பரில் அவரைச் சந்தேக நபராகப் பெயரிட்டார். அதை எதிர்த்து அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். ஆகவே உயிர்த்த ஞாயிறு விடயத்தில் அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை என்பதும் உண்மை, உரிமையை மீறினார் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கூறியதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

கோட்டாபயவை எவரும் தொடவில்லை என்பது சரியன்று. 2023 நவம்பர் 14ஆம் திகதி, ஐந்து நீதியரசர்களில் நால்வரின் பெரும்பான்மையால், பொருளாதார வீழ்ச்சிக்குக் காரணமான முடிவுகளின் மூலம் கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ச ஆகியோரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட அதிகாரிகளும் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பானது. 2019இன் இறுதியில் செய்த பெரும் வரிக்குறைப்பு, சர்வதேச நாணய நிதியத்திடம் போகாமல் இழுத்தடித்தது, டொலரின் விலையைச் செயற்கையாகப் பிடித்து வைத்தது, கையில் வெளிநாட்டு நாணயம் வற்றிப்போன நிலையிலும் 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் பிணைமுறிக் கடனைக் கட்டியது ஆகியவை அங்கே ஆராயப்பட்டன. ஆனால் இழப்பீடு விதிக்கப்படவில்லை. மனுதாரர்கள் தங்களுக்கென்று இழப்பீடு கேட்கவில்லை, வழக்குச் செலவாக ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபா வழங்கும்படி மட்டுமே கட்டளையானது. எரிவாயு வரிசையில் நின்று நின்று சோர்ந்த மக்களுக்கு அது சிறிய தொகையாகப் பட்டதில் வியப்பில்லை. எனினும் பொருளாதாரக் கொள்கை நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த வாதம் அன்றோடு வலுவிழந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசரின் தயக்கத்தையும் தள்ளிவிட முடியாது. தவறான கொள்கைக்கும் சட்டத்தை மீறிய கொள்கைக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது என்பது இன்னும் பல வழக்குகளுக்குப் பின்னரே தெளிவாகும்.

விடுபாட்டுரிமை உண்மையில் ஒரு வழக்கைக் குலைத்ததைப் பார்க்க வேண்டுமானால் வீரகெட்டிய, மெதமுலனவுக்குப் போக வேண்டும். அங்கே ராஜபக்ச சகோதரர்களின் தந்தை டி.ஏ. ராஜபக்சவுக்கு நினைவு அருங்காட்சியகம் அமைக்க ஏறத்தாழ 3.4 கோடி ரூபா அரச பணம் பயன்படுத்தப்பட்டதாகக் கோட்டாபயவுக்கு எதிராக நிரந்தர விசேட மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2019 நவம்பர் 18ஆம் திகதி அவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். 21ஆம் திகதி அந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2011 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காணாமலாக்கப்பட்ட செயற்பாட்டாளர்களான லலித், குகன் ஆகியோரை நீதிமன்றத்தில் முன்னிறுத்தக் கோரிய ஆட்கொணர்வு வழக்கிலும் இதுவே நேர்ந்தது. கோட்டாபய பாதுகாப்புச் செயலாளராக இருந்த காலத்துச் சம்பவம் அது. சாட்சியாக வரும்படி யாழ்ப்பாண நீதிமன்றம் 2019இல் அழைப்பாணை அனுப்பியது. யாழ்ப்பாணம் வருவது தன் பாதுகாப்புக்கு உகந்ததல்ல என்று அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தடை பெற்றார். பிறகு ஜனாதிபதியானார், 2022இல் பதவி போன பின்னரே அந்த விவகாரம் உயர் நீதிமன்றத்தில் மீண்டும் அசைந்தது. அவர் அதில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அல்லர், சாட்சி. ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றவே இத்தனை ஆண்டுகள் போதவில்லை என்றால், பிள்ளையைத் தேடி வந்த பெற்றோரிடம் சட்டத்தின் மேன்மையைப் பற்றி நாங்கள் எந்த முகத்தோடு பேசுவது?

பொது மன்னிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நம்மைப் பொறுத்தவரை மிகப் பயனுள்ள தீர்ப்புகள் அதில்தான் வந்திருக்கின்றன. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்குக் கோட்டாபய 2021 ஜூனில் மன்னிப்பு வழங்கினார். 34ஆம் உறுப்புரையின்படி, மரண தண்டனைக் கைதி ஒருவருக்கு மன்னிப்பளிப்பதற்கு முன் விசாரணை நடத்திய நீதிபதியின் அறிக்கையைக் கேட்க வேண்டும், அது சட்டமா அதிபரின் ஆலோசனையோடு நீதி அமைச்சர் வழியாக ஜனாதிபதியிடம் வர வேண்டும். அந்த நடைமுறை முறைப்படி கடைப்பிடிக்கப்படவில்லை என்று 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மன்னிப்பை இரத்துச் செய்தது. ரோயல் பார்க் மாடிக்குடியிருப்பில் ஓர் இளம்பெண்ணைக் கொன்றவருக்குச் சிறிசேன 2019இல் வழங்கிய மன்னிப்பும் 2024 ஜூனில் இரத்தானது. மிருசுவிலில் 2000 டிசம்பரில் சிறுவர்கள் உட்பட எட்டுத் தமிழ்ப் பொதுமக்களைக் கொன்ற குற்றத்துக்காக மரண தண்டனை பெற்று, மேன்முறையீட்டிலும் தோற்ற இராணுவ வீரரை, 2020 மார்ச் 26ஆம் திகதி, நாடு ஊரடங்கில் கிடந்த வேளையில் கோட்டாபய விடுவித்தார். அதை எதிர்த்த மனுக்களும் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. முந்திய இரண்டு தீர்ப்புகளிலும் சொல்லப்பட்ட சட்டம் அங்கே பொருந்தாமல் போக நான் எந்தக் காரணத்தையும் காணவில்லை. இது என் கருத்து, தீர்ப்பு அல்ல.

ரணில் விக்கிரமசிங்கவின் வழக்கு, பதவிக்காலச் செயலுக்காக ஒரு முன்னாள் நிறைவேற்று ஜனாதிபதியைக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்திய முதல் வழக்கு. 2023 செப்டெம்பரில் வெளிநாட்டு மாநாடுகளுக்குச் சென்று திரும்பும் வழியில், மனைவிக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று வழங்கிய கௌரவத்துக்காக லண்டனில் தங்கினார், அந்தத் தனிப்பட்ட பயணத்துக்கு ஏறத்தாழ 1.66 கோடி ரூபா அரச பணம் செலவானது என்பது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நிலைப்பாடு. 2025 ஓகஸ்ட் 22ஆம் திகதி கைதாகி, விளக்கமறியல் உத்தரவு பெற்று, மருத்துவமனையில் இருந்தபடியே 26ஆம் திகதி தலா ஐம்பது இலட்சம் ரூபா கொண்ட மூன்று சரீரப் பிணைகளில் விடப்பட்டார். குற்றச்சாட்டு உண்மையா என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். அது நீதிமன்றத்தின் வேலை. இங்கே பொதுச்சொத்துச் சட்டம் கைகொடுத்ததால் கைது எளிதாயிற்று: கணக்கு இருக்கிறது, பற்றுச்சீட்டு இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது. கவனயீனத்தால் 250 உயிர்கள் போயின என்பதைக் குற்றமாக நிரூபிப்பதும், இருண்ட அறையில் கொடுக்கப்பட்ட கட்டளையை நிரூபிப்பதும் அப்படியல்ல. சிறிய செயலுக்குக் கைதும் பெரிய செயலுக்கு இழப்பீடும் என்று உங்களை உறுத்துவதன் பெரும்பகுதிக்குக் காரணம் இதுவே. மற்றப் பகுதி அரசியல் விருப்பம்: எதை விசாரிப்பது என்று பொலிஸாரும், எதில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது என்று சட்டமா அதிபரும் தீர்மானிக்கிறார்கள். அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்பவரும் குற்றவழக்கைத் தொடுப்பவரும் ஒருவரே என்ற இந்த அமைப்பு மாறாதவரை, எந்த முன்னாள் ஜனாதிபதி மீது வழக்கு வந்தாலும் அரைவாசிப் பேர் அதைப் பழிவாங்கல் என்பார்கள். சுயாதீன வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும் என்று நான் பல மேடைகளில் வாதாடி வருவது இதனால்தான்.

இறுதியாக, உங்கள் கேள்வியின் கடைசி வரியில் நீங்கள் தொட்டுவிட்டுப் போன போர்க்காலக் குற்றங்கள். போரையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை 35ஆம் உறுப்புரை அடிப்படை உரிமை மனுக்களுக்கு அப்பால் வைத்திருக்கிறது. இது 2009இன் செயல்களுக்கெல்லாம் கவசம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பிழை. அந்த விலக்கு பிரகடனத்துக்கு மட்டுமே, போர் நடந்த விதத்துக்கு அல்ல. 2009இல் கோட்டாபய ஜனாதிபதியும் அல்லர், பாதுகாப்புச் செயலாளர். அந்தப் பதவிக்கு விடுபாட்டுரிமை ஒருபோதும் இருந்ததில்லை. வெளிநாட்டு நீதிமன்றங்களில் நிலைமை வேறு. பதவியில் இருக்கும் அரச தலைவரை அவை தொடுவதில்லை. பதவி போன பின் உத்தியோகபூர்வச் செயல்களுக்குக் காப்பு ஓரளவு நீடிக்கும். ஆனால் சித்திரவதைக்கு அது நீடிக்காது என்று 1999இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, சிலி நாட்டு முன்னாள் ஆட்சியாளர் பினோசேயின் வழக்கில் தீர்ப்பளித்தது, சாட் நாட்டு முன்னாள் ஜனாதிபதி ஹிஸன் ஹப்ரேக்கு 2016இல் செனகலில் ஆயுள் தண்டனையே கிடைத்தது. 2022 ஜூலையில் கோட்டாபய சிங்கப்பூரில் தங்கியிருந்தபோது அந்நாட்டுச் சட்டமா அதிபரிடம் அவருக்கு எதிராக முறைப்பாடு கையளிக்கப்பட்டதும் இந்த வழியை நம்பித்தான். எந்த நாடு எப்போது துணியும் என்பது சட்டத்தை விட இராஜதந்திரத்தைப் பொறுத்தது. அதில் எனக்கு நிபுணத்துவம் இல்லை.

உள்நாட்டில் ஒரு விடயத்தை நம்மவர் போதிய அளவு கவனிக்கவில்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி, கொலைக்கும் இராஜதுரோகத்துக்கும் காலவரையறை கிடையாது; மற்றக் குற்றங்களுக்கு, குற்றம் நிகழ்ந்து 20 ஆண்டுகள் கழிந்தால் வழக்குத் தொடரும் உரிமை போய்விடும். 2009 மேயில் நிகழ்ந்த ஆட்கடத்தல், சித்திரவதை போன்றவற்றுக்கு அந்த நாள் 2029 மே. கோட்டாபயவைப் பொறுத்தவரை, 35ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தியால் அவர் ஜனாதிபதியாக இருந்த இரண்டு ஆண்டு எட்டு மாதங்கள் கணக்கில் சேராமல், 2032இன் ஆரம்பம் வரை காலம் நீளும் என்பது என் வாசிப்பு. நீதிமன்றம் இதை இன்னும் சோதிக்கவில்லை. வலிந்து காணாமலாக்கப்படுதலைக் குற்றமாக்கிய 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், தொடரும் குற்றம் என்ற அடிப்படையில் முந்திய சம்பவங்களையும் பிடிக்கும் என்று வாதிடலாம், எதிர்வாதமும் வலுவானது. ஆனால் கட்டளையை நிறைவேற்றிய கீழ்நிலை அதிகாரிகள் எவரும் ஜனாதிபதியாக இருந்ததில்லை. அவர்களுக்குக் காலம் எங்கும் நிற்கவில்லை, 2029ஐ நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே இருந்தவரை நோக்கிச் செல்லும் சாட்சியம் பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான் வர வேண்டும். உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ இப்படி ஒரு முறைப்பாடு இருந்தால், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதம், ஆணைக்குழுக்களில் அளித்த வாக்குமூலத்தின் இலக்கம் ஆகியவற்றைத் திரட்டி, மனித உரிமை வழக்குகளில் பழக்கமுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் இந்த ஆண்டிலேயே காட்டுங்கள்.